நாற்பத்தொரு சதவீதம்

எங்கள் சொந்தபந்தத்தில் யார் எந்தச் சாதனம் வாங்கினாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். நான் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணு ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். மிக்ஸி, டிவி, தண்ணீர் மோட்டார், செல்போன் எதுவானாலும் சரி, இரண்டு நாள் அலசிப் பார்த்து, நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘கொள்ளாம்’ என்றும் மறுபக்கம் ‘கொள்ளாது’ என்றும் எழுதிக் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் நல்லது என்பதற்குக் கொள்ளாம் என்றுதான் சொல்வோம். என்னைக் கேட்காமல் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனால், அந்தச் சாதனத்தில் நாலு குறையாவது கண்டுபிடித்துச் சொல்லாமல் திரும்பியதில்லை. இது பிறவிக் குணம், மாத்திரையால் போகாது என்று என் மனைவி சொல்வாள்.

அவள் நர்ஸ். அருமனையிலிருந்து பஸ் ஏறி, களியக்காவிளையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, கேரளப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் பதினேழு வருஷமாகப் போய் வருகிறாள். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த வருஷம் அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவளும் விண்ணப்பித்தாள். ஆங்கிலத் தேர்வு எழுதினாள், ஜெயித்தாள். சான்றிதழ்களை அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள். பாக்கி ஒரே ஒரு நேர்முகத் தேர்வு, அதுவும் வீடியோவில். அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. இந்த முறை விட்டால் அடுத்த முறை வயதைக் காட்டித் தள்ளிவிடுவார்கள் என்று ஏஜென்ட் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

செல்போனில் பேசினால் போதாது, லேப்டாப் வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். பேச்சுக்கு நடுவே மருந்தளவுக் கணக்குகளைத் திரையில் காட்டுவார்களாம், அங்கேயே விடையைத் தட்டச்சு செய்ய வேண்டுமாம். நான் பெரிய திரை உள்ளதாக ஒன்றைப் பார்த்து வைத்தேன். அவள் கேட்கவில்லை. சோற்றுப் பாத்திரம், குடை, யூனிபாரம் எல்லாம் இருக்கும் அதே தோள்பையில் இதுவும் போக வேண்டும், பஸ்ஸில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கடைசியில் கடையில் இருந்ததிலேயே சின்னதை எடுத்தோம். என்னிடம் கேட்டுவிட்டு என் பேச்சை மீறி எங்கள் குடும்பத்தில் வாங்கிய முதல் சாதனம் அதுதான்.

நாற்பது நாள் அதைச் சோதித்தேன். சும்மா இல்லை. ரப்பர் ஷீட்டைத் தரம் பார்த்து விலைக்கு எடுக்கிற கடைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். தொள்ளாயிரத்து எண்பது கிராம். “சாரே, இது எந்த கிரேடு?” என்று கடைக்காரர் கேட்டார். கொள்ளாம் பக்கத்தில் எடையை எழுதினேன். உள்ளே காற்றாடி கிடையாது, அதனால் சத்தமே இல்லை. பக்கத்தில் நான் தூங்கினாலும் அவள் படிக்கலாம். அதுவும் கொள்ளாம். விசைகள் நெருக்கமாக இருந்தாலும் விரலுக்கு இதமாக இருந்தன. மனசில்லாமல் அதையும் அந்தப் பக்கமே எழுதினேன்.

கொள்ளாது பக்கம் நீண்டுகொண்டே போனது. காற்றாடி இல்லாததால் அரை மணி நேரம் வீடியோ ஓடினால் அடிப்பக்கம் சுட ஆரம்பிக்கும், வேகமும் குறையும். எழுத்து சின்னது, அவள் கண்ணாடி போட்டாலும் புருவத்தைச் சுருக்கித்தான் படிக்கிறாள். மொத்தம் ஒரே ஒரு துளை. சார்ஜ் போட்டால் வேறு எதையும் சொருக முடியாது. சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று காட்ட வெளியே ஒரு சின்ன விளக்குகூடக் கிடையாது, மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் உள்ளேயே பற்றவைத்து விட்டார்கள், பழுதானால் என்னால் திறக்க முடியாது. இருபத்தைந்து வருஷமாகப் பெட்டிகளைத் திறந்து பழகியவனுக்கு அது ஓர் அவமானம். கடைசியாக பேட்டரி. அட்டைப்பெட்டியில் பத்து மணி நேரம் என்று போட்டிருந்தது. சும்மா தட்டச்சு செய்தால் ஆறரை மணி நேரம் வந்தது. மகளை வீடியோவில் கூப்பிட்டு, பேசி முடித்த பிறகும் அழைப்பைத் துண்டிக்காமல் ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரம்கூட முழுசாக வரவில்லை. ஒரு சதவீதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷம். இருபதுக்குக் கீழே வந்துவிட்டால் அதுவும் இல்லை, சரசரவென்று இறங்கியது.

ஒருநாள் நோட்டை எடுத்து முழுக்கப் படித்துவிட்டு அவள் கேட்டாள்.

“இதெல்லாம் லேப்டாப்பப் பத்தி எழுதினதுதானா?”

“பின்ன வேற எதப் பத்தி?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அவள் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, போகட்டும், நல்லதுதானே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

நேர்முகத் தேர்வு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், நம்ம நேரத்துக்கு மத்தியானம் மூன்று மணி. அவள் நைட் டியூட்டி முடித்துக் காலையில் வந்தாள். படுக்காமல் பன்னிரண்டு மணி வரை கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலும் படித்துக்கொண்டே வந்ததால் பேட்டரி காலியாகும் நிலைக்கு வந்திருந்தது. முன்னறையில் மேஜைமேல் வைத்து சார்ஜ் போட்டாள்.

“நான் செத்த நேரம் தலைய சாய்க்கேன். ரெண்டு மணிக்கு எழுப்புவியளா?”

“எழுப்புகேன், நீ படு.”

“சார்ஜு ஏறுதான்னு இடையில பாத்துக்கிடுங்க.”

பன்னிரண்டேகால் இருக்கும், மலைப் பக்கம் முதல் இடி உருண்டது. எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் இடி கேட்டால் யாரும் யோசிப்பதில்லை, கை தானாகப் பிளக்கைத் தேடிப் போகும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவித் தொங்கப்போட வேண்டும். டிவி எரிந்த வீடு, மோடம் கரிந்த வீடு என்று ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பாதியில் எழுந்து எச்சில் கையோடு பிளக்கைப் பிடுங்குவார். அன்றைக்கும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய குரல் வந்தது.

“சாரே, இடி வெட்டுது! எல்லாம் பிடுங்கியாச்சா?”

“ஆச்சு ஆச்சு” என்று கத்திக்கொண்டே நான் வீடு முழுக்க ஓடினேன். டிவி, பிரிட்ஜ், மோடம், வாஷிங் மெஷின். அந்த ஓட்டத்திலேயே லேப்டாப்பின் பிளக்கையும் உருவிவிட்டேன். உருவிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். பதினைந்து சதவீதம்.

இது வரைக்கும் என்மேல் குற்றம் இல்லை. ஊரில் எவனும் செய்கிறதைத்தான் செய்தேன்.

இடி ஒரு மணிக்கு ஓய்ந்தது. மழை வரவில்லை, வானம் மட்டும் கறுத்து நின்றது. மறுபடியும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தேன். பிரிட்ஜை மாட்டினேன். மோடத்தை மாட்டினேன். முன்னறைக்கு வந்து லேப்டாப்பின் பிளக்கைக் கையில் எடுத்தேன். உள்ளறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது. இன்னும் ஒரு வருஷத்தில் இந்த வீட்டில் மத்தியானம் ஒரு மணிக்கு எந்த மூச்சும் கேட்காது என்று நினைத்தேன். காலையில் நானே காப்பி போட்டு, நானே குடித்து, நானே பூட்டிவிட்டுப் போவேன். சாயங்காலம் நானே திறப்பேன். பிளக்கை மாட்டவில்லை. கீழே விட்டுவிட்டேன்.

மறந்துபோனேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய். பதினைந்து சதவீதத்தில் அந்த மிஷின் வீடியோவில் இருபது நிமிஷம் தாங்காது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நாற்பது நாள் உட்கார்ந்து சோதித்தவன் நான்.

வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. கொடியில் எங்கள் மரத்து ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்தது. மழைக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனேன். பத்து நிமிஷ வேலை. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். ஷீட்டை எடுத்துக் கொட்டகையில் அடுக்கினேன், அடுக்கியதைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினேன். போய் மாட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கால் நகரவில்லை. இரண்டு மணி தாண்டியதும் காதைப் பிளக்கிற மாதிரி ஒரு இடி. அதோடு தெருவில் மாவு மில் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது. இனி நான் நினைத்தாலும் சார்ஜ் போட முடியாது.

 நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடினேன். இன்வெர்ட்டர் பேட்டரி மூன்று மாதமாகச் செத்துக் கிடந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், மின்னணு ஆய்வகக்காரன் வீட்டு லட்சணம். செல்போனுக்கு வைத்திருந்த பவர் பேங்க் அந்த மிஷினுக்குப் போதாது என்றும் ஏற்கெனவே பார்த்து எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லை. மழை இறங்கிவிட்டது.

அவளை எழுப்பப் போனால் முகம் கழுவிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு நின்றிருந்தாள். “கரண்ட் போச்சு” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

“தெரியும். ஒங்க போன்ல நெட்ட ஆன் பண்ணித் தாருங்க. கெழக்க உள்ள ரூம்ல ஜன்னலுக்க பக்கம் டவர் கிடைக்கும்.”

கிழக்கு அறையில் மேஜையைப் போட்டோம். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்றே சொல்லலாம். திறந்து பார்த்தபோது மூலையில் நாற்பத்தொன்று என்று இருந்தது. திரும்பப் பார்த்தேன். நாற்பத்தொன்றுதான். மத்தியானம் தப்பாகப் பார்த்தேனா? பதினைந்தைப் பார்த்த கண்ணுக்கு இப்போது என்ன கேடு? கேட்கவும் முடியாது, யோசிக்கவும் நேரமில்லை. மணி இரண்டு நாற்பது.

“மாறு, நான் ஒரு நிமிஷம் பாக்கேன்” என்று அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். திரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். விசைகளுக்கு அடியில் எரியும் விளக்கை அணைத்தேன். பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் தேடித் தேடி மூடினேன். நாற்பது நாளில் கற்ற அத்தனையும் அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் உதவியது. மனக்கணக்கில் ஒரு மணி நேரம் வந்தது, கொஞ்சம் கூட இருக்கலாம். நேர்முகம் முக்கால் மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள்.

“விரல் காட்டு” என்றேன். “மேசைக்கு அடியில. நாப்பதுன்னா நாலு, முப்பதுன்னா மூணு. நான் கதவுப் பக்கம் தரையில இருக்கேன், கேமராவில தெரியாது.”

“எதுக்கு? ஒங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்யப்போறிய?”

“எனக்குத் தெரியணும்.”

மூன்று மணிக்கு அவர்கள் வரவில்லை. காத்திருக்கச் சொல்லித் திரையில் ஒரு வரி வந்தது. காத்திருக்கும்போதும் பேட்டரி குறையும் என்பது அயர்லாந்துக்காரனுக்குத் தெரியுமா? அவன் வீட்டுச் சுவரில் கரண்ட் இருக்கிறது. மூன்று பன்னிரண்டுக்குத்தான் ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் திரைக்கு வந்தார்கள். மேஜைக்கு அடியில் மூன்று விரல்.

பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கே அவர்கள் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. அந்த மிஷினில் ஒலிபெருக்கி என்ற பெயரில் வைத்திருப்பது அவ்வளவுதான். இரண்டு இடத்தில் அவள் மன்னிப்புக் கேட்டு, கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மழைச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்றும் கேட்டாள். மழையா, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றாள் அந்தப் பெண். அதன் மைக் அவ்வளவு நல்லது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாற்பது நாளில் அதை நான் சோதிக்கவேயில்லை.

நோயாளி திடீரென்று மயங்கினால் என்ன செய்வாய், டாக்டர் எழுதிய அளவு தப்பென்று தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அவள் பதில் சொல்லச் சொல்ல எனக்கு வேறு ஓர் ஆள் பேசுவதுபோல் இருந்தது. வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று என்னிடம் சொல்கிற அதே குரல்தான். ஆனால் அதில் இருந்த உறுதியை இத்தனை வருஷம் நான் கவனித்ததில்லை. மருந்தளவுக் கணக்கு வந்தது. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, குறைந்த வெளிச்சத்தில் திரைக்கு மிக அருகே குனிந்தாள். வெளிச்சத்தைக் குறைத்தவன் நான். தப்பாகப் படித்துவிடுவாளோ என்று தவித்தேன். எழுத்து தாமதமாகத்தான் வந்தது, மிஷின் சூடேறி மெதுவாகிவிட்டது. அவள் அவசரப்படாமல் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினாள். இரண்டு விரல்.

அப்புறம் நான் பயந்த இறக்கம் ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கை திரும்பவும் கீழே வந்தது. ஒரு விரல். எனக்குத் தெரிந்த எல்லா தெய்வத்தையும் கூப்பிட்டேன். அது அணையக் கூடாது, அவள் வாக்கியம் முடிக்கும்வரைக்குமாவது அணையக் கூடாது. மத்தியானம் என்ன நினைத்தேனோ அதற்கு நேர் எதிராக இப்போது வேண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அந்தப் பெண் கேட்டாள். இந்த வயதில் தனியாக இவ்வளவு தூரம் வருவதற்கு வீட்டில் சம்மதமா? அவள் திரைக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். என் கணவருக்கு முழுச் சம்மதம். நான் இந்தத் தேர்வுக்கு வர வேண்டும் என்று இந்த லேப்டாப்பை நாற்பது நாள் சோதித்துத் தந்தவர் அவர்தான். இப்போதும் இதே அறையில் எனக்குத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறார்.

திரையில் மூன்று பேரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி, வணக்கம் என்று குரல்கள் கேட்டன. அவள் மூடியைச் சாத்தினாள்.

“எத்தன சதவீதம் இருந்துது?” என்று கேட்டேன்.

“மூணு.”

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். சாதனத்தில் ஒரு புதிர் இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

“பதினஞ்சு எப்பிடி நாப்பத்தொண்ணு ஆச்சு?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“ஒண்ணரை மணிக்குத் தண்ணி குடிக்க எழும்பினேன். பிரிட்ஜ் ஓடிட்டுக் கெடக்கு. மோடத்தில லைட்டு எரியுது. இதுக்க பிளக்கு மட்டும் கீழ கெடக்கு. நான்தான் எடுத்து மாட்டினேன். கரண்ட் போறது வரைக்கும் ஏறிச்சு.”

“நான் மறந்து...”

“மறக்கல்ல. நீங்க ஒண்ணையும் மறக்க மாட்டிய. இருவது வருசமா பாக்கேன்லா.”

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் ஒன்றரை மணிக்கே தெரிந்துகொண்டுதான் சேலை மாற்றியிருக்கிறாள், என் பக்கத்தில் நின்று மேஜையைத் தூக்கியிருக்கிறாள், மேஜைக்கு அடியில் எனக்கு விரல் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பதில் சொன்னதும் தெரிந்துதான்.

“பின்ன அவங்கட்ட ஏன் அப்பிடிச் சொன்ன?”

“நம்ம வீட்டு வெசயம் அவங்களுக்கு எதுக்கு?” என்றாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். “போகாண்டாம்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நிப்பியா?”

“நிக்க மாட்டேன். ஆனா ஒங்க வாயில இருந்து கேட்டிருப்பேன்.”

 எத்தனையோ பேருக்கு எத்தனையோ சாதனத்தின் குறையைச் சொன்ன வாய் அது. என் குறையைச் சொல்ல அதற்கு இருபது வருஷம் ஆயிற்று.

“பயமா இருக்கு ஏட்டி” என்றேன். “இந்த வீட்டில ஒத்தைக்கு இருக்கணும்னு நெனச்சா பயமா இருக்கு.”

அவள் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து, கதவோரம் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கும்தான் பயமா இருக்கு” என்றாள். “அதுக்காவ நான் பிளக்கப் பிடுங்கினேனா?”